பின்பக்கத்தையும் பதிவேட்டில் எழுத விடுங்கள்

ரோமானியச் சிற்பங்களை வைத்திருக்கும் பிரிட்டன் அருங்காட்சியகங்களின் காப்பாட்சியர்களுக்கும், அவர்களோடு சேர்ந்து முனைவர் பட்ட மாணவர்களை எடுக்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும்,

வணக்கம்.

இந்த மடலின் ஆங்கில வடிவம் இரண்டு வாரமாக உங்களில் சிலருடைய மின்னஞ்சலில் கிடக்கிறது. பதில் வரும்போது வரட்டும். தமிழிலும் எழுதுவதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. மகள் லண்டன் பக்கம் என்ன படிக்கிறாள் என்று ஊரில் யார் கேட்டாலும் அப்பா "சிலை ஆராய்ச்சி" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறார். நான் எதற்காக உங்களோடு மல்லுக்கு நிற்கிறேன் என்று அவருக்கும் தெரியட்டும். கேட்பது இதுதான்: சிலைகளைப் பின்பக்கம் வரை பார்த்து மாணவர்கள் எழுதும் விவரப்பட்டியலை ஆய்வேடாகவும் அருங்காட்சியகப் பதிவாகவும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகத்துக்குள் நுழைந்த முதல் நாள், வரவேற்பு மேசையில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெற்காசியப் பிரிவா?" என்று அன்பாகக் கேட்டார். "இல்லைங்க, ரோம்" என்றேன். மாமல்லபுரத்தையும் அமராவதியையும் இருநூறு ஆண்டுகளாக ஆங்கிலேயர்கள் ஆராய்கிறார்கள். அவர்களை யாரும் இப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை. சரி, அது போகட்டும். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் வேறு இடத்தில் இருக்கிறது.

சென்ற ஆண்டு மதிப்பாய்வுக் குழுவின் முன்னால் 41 சிற்பங்களின் விவரப்பட்டியலை வைத்தேன். ஒன்றரை ஆண்டு உழைப்பு. புரட்டிப் பார்த்த பேராசிரியர், "அருமையான உழைப்பு. ஆனால் ஆய்வேடு எங்கே?" என்றார். பட்டியலைப் பின்னிணைப்பில் போட்டுவிட்டு, முன்னால் ஒரு வாதம் எழுதச் சொன்னார்கள். அதே வாரம் அருங்காட்சியகத்தில் கேட்டேன்: பல்கலைக்கழகம் வேண்டாம் என்கிற இந்தப் பட்டியலை உங்கள் தரவுத்தளத்தில் ஏற்றலாமா? "கட்டாயம் பயன்படும். ஆனால் அது உங்கள் ஆய்வு, உங்கள் பல்கலைக்கழகத்துக்கு உரியது. தேர்வு முடியட்டும். ஏற்றுவதற்கு இப்போது ஆளும் இல்லை" என்று பதில் வந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள் எங்கள் ஊரில்.

இந்தக் கூட்டு முனைவர் ஆய்வுகள் 2005 முதல் இங்கே நடந்துவருகின்றன. கலை, மானுடப் புலங்களுக்கான அரசு நிதிக் குழு பணம் தருகிறது. ஒரு நெறியாளர் பல்கலைக்கழகத்தில், இன்னொருவர் அருங்காட்சியகத்தில். எங்கள் காலத்தில் ஒரு பாதி நூலகத்தில் போகிறது, மறுபாதி கிடங்கில். திட்டம் நல்ல திட்டம். என்னைப் போல வீட்டில் பணமோ ஊரில் சிபாரிசோ இல்லாதவர்கள் பளிங்கின் பக்கத்தில் போக முடிந்ததே இதனால்தான். கிடங்கில் பார்த்ததை ஆய்வேட்டில் என்னவாக எழுதுவது என்பதில்தான் இரண்டு நிறுவனங்களும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அந்த முடிவின்மையை மாணவர்கள் சுமக்கிறோம்.

அப்பா கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். அடங்கலில், அதாவது கிராமத்தின் பயிர்க் கணக்கில், பயிர் எழுதுவதற்கு வயலுக்கு நேரில் போகவேண்டும். போகாமல், போன பசலியைப் (வருவாய்க் கணக்கு ஆண்டு) பார்த்து இந்தப் பசலியிலும் 'நெல்' என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு. நிலத்தில் நெல் நின்று பத்து வருடம் ஆகியிருக்கும். எங்கள் துறையின் விளக்க அட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அடங்கல்தான் நினைவுக்கு வருகிறது.

ஒரு சிலையைப் பற்றிச் சொல்கிறேன். எந்த அருங்காட்சியகம் என்பது வேண்டாம். நின்ற கோலத்தில் ஒரு பெண், ஆளுயரம், கையில் கோதுமைக் கதிர். அட்டையில் 'சீரிஸ் தேவி, ரோமானியச் சிற்பம், கி.பி. 2ஆம் நூற்றாண்டு' என்று இருக்கிறது (சீரிஸ் ரோமானியர்களின் தானியத் தெய்வம்). அறுபது வருடத்துக்கு முந்தைய அட்டையிலும் அதேதான். சிலை சுவரை ஒட்டி நிற்கிறது; பின்னால் கைகூட நுழையாது. அதை ஒன்றரை அடி முன்னால் நகர்த்த எனக்குப் பதினோரு மாதம் ஆயிற்று. குறை சொல்லவில்லை. பளிங்கு ஒரு கன மீட்டர் 2.7 டன்; அரை கன அடி சரிந்தால் கால் போய்விடும். தூக்கத் தெரிந்த இரண்டு பேர், டிராலி, தரையின் தாங்கு திறன் பற்றிய கடிதம், ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் எல்லாம் வேண்டியதுதான்.

நகர்த்திய அன்று காலையில் விளக்குகளை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்தோம். கல்லை வாசிக்க இதைவிட மலிவான கருவி கிடையாது. நேர் வெளிச்சத்தில் வழவழவென்று இருந்த முதுகில் உளித்தடங்கள் எழுந்து வந்தன. கூர் உளியின் நீண்ட கோடுகள், அதன்மேல் பல் உளி சீப்பு இழுத்தது போல. மடிப்புகளின் ஆழத்தில் துளைகருவி வரிசையாகக் குத்திப் பிறகு இணைத்த வாய்க்கால்கள். முன்பக்கம் கண்ணாடி போல மெருகு, பின்பக்கம் அரைகுறை. அதாவது முதலில் செய்தவர்களே இதைச் சுவரோரமாக, மாடத்தில் வைப்பதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். அது ஒரு செய்தி. கழுத்தில் சாந்து பூசி மறைத்த கோடு ஒன்று தெரிந்தது. அது இன்னொரு செய்தி. தலை வேறு கல். படிகம் பெரிது, சர்க்கரை போல மின்னுகிறது. உடம்போ நுண்ணிய படிகம். தலையில் கருவிழி குடையப்பட்டிருந்தது. அந்த வழக்கம் ரோமப் பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், சுமார் கி.பி. 130 வாக்கில்தான் பரவியது. உடம்பின் ஆடை மடிப்போ அதற்கு முந்தையது. வலது கை மூன்றாவது கல், கோதுமைக் கதிரோடு சேர்த்து 18ஆம் நூற்றாண்டுக்காரர் செய்தது. தோளில் இரும்பு ஆணி வைத்து இணைத்திருக்கிறார்கள். இரும்பு துருப்பிடித்தால் ஊதும். ஊதி, தோளில் மயிரிழை போல விரிசல் விட்டிருக்கிறது.

ஆக, சீரிஸ் தேவி யாரும் இல்லை. யாரோ ஒரு பெண்ணின் உடம்பு, வேறு யாரோ ஒரு பெண்ணின் முகம். கையில் கதிரைக் கொடுத்து தேவியாக்கியவர் ரோம் நகரத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு கைவினைஞர். வாங்கியவர் ஆங்கிலேயப் பிரபு. தலையும் கையும் இல்லாத முண்டத்தை அவர் வரவேற்பறையில் வைக்கமாட்டார் என்று பட்டறைக்காரருக்குத் தெரியும்.

இந்த வியாபாரம் உங்களுக்குப் புதிதல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் ஊரில் படிப்பவர்களுக்குத் தெரியாது, ஆகவே கொஞ்சம் விரிக்கிறேன். 18ஆம் நூற்றாண்டில் ரோமில் பார்த்தலமேயோ கவசெப்பி, கார்லோ அல்பசினி போன்றவர்களின் பட்டறைகளில் உடைந்த சிலைகளுக்கு மூக்கு, கை, தலை வைத்துக் கொடுத்தார்கள். தாமஸ் ஜென்கின்ஸ், கேவின் ஹாமில்டன் என்ற இருவர் தோண்டியும் வாங்கியும் இங்கிலாந்துக்கு விற்றார்கள். பிறகு லண்டனில் பெரிய சிற்பியான ஜோசப் நொல்லெக்கன்ஸ் இளமையில் அங்கேதான் தொழில் பழகினார். புதுத் துண்டுகளைப் பழசாகக் காட்ட அவர் புகையிலைத் தண்ணீரில் சாயமேற்றினார் என்று அவருடைய மாணவரே எழுதி வைத்திருக்கிறார்.

இங்கிலாந்தில் இந்தச் சந்தையில் வாங்கிச் சேர்த்தவர்களின் ராஜா சார்ல்ஸ் டௌன்லி. அவர் 1805இல் இறந்ததும் அவருடைய பளிங்குகளை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக 20,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். அவற்றில் வட்டு எறிபவன் சிலை ஒன்று. 1791இல் டிவோலியில், ஹேட்ரியனின் மாளிகை இருந்த இடத்தில் கிடைத்தது. அல்பசினி செப்பனிட்டபோது தலையை முன்னோக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டார். திரும்பி வட்டைப் பார்க்கவேண்டிய தலை அது. அதற்குப் பத்து வருடம் முன்பே, 1781இல், ரோமின் எஸ்குவிலின் குன்றில் கிடைத்த இன்னொரு பிரதியில் தலை சரியாகத் திரும்பித்தான் இருக்கிறது. அந்தச் சிலையைப் பார்த்தவர்கள் இருந்தும் இந்தத் தலை இப்படியே நின்றுவிட்டது, இன்றுவரை.

இன்னொரு சேகரிப்பாளரான ஹென்றி ப்ளண்டெல்லின் சிலை ஒன்று லிவர்பூலில் இருக்கிறது; அதன் கதை இன்னும் மோசம். படுத்துத் தூங்கும் இருபால் உருவம், பக்கத்தில் குழந்தைகளோடு. ப்ளண்டெல்லுக்கு அது அருவருப்பாக இருந்ததாம். குழந்தைகளையும் வேண்டாத உறுப்பையும் செதுக்கி எடுக்கவைத்து, தூங்கும் வீனஸ் ஆக்கிவிட்டார். செய்ததை அவரே கூச்சமில்லாமல் எழுதியும் வைத்தார். மாற்றுவதற்கு முன்னால் எப்படி இருந்தது என்பது டௌன்லி சேர்த்து வைத்த வரைபடங்களில் ஒன்றிலிருந்து தெரிகிறது. ஒரு நகரத்துச் சிலையின் உண்மை இன்னொரு நகரத்துக் காகிதத்தில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருவருக்கு நேரம் இருந்ததால் அது வெளிவந்தது.

"பட்டியல் என்பது சிந்தனை இல்லை, சேகரிப்பு" என்று மதிப்பாய்வில் ஒருவர் சொன்னார். என் சீரிஸ் பற்றிய பதிவு பட்டியலில் நாலரைப் பக்கம். அதில் எது பழையது, எது புதியது, எந்தக் கல் எங்கிருந்து, யார் ஏன் இப்படிச் சேர்த்தார் என்று வரிக்கு வரி முடிவெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் யாராவது நாளை வந்து "தப்பு" என்று நிரூபிக்க வழி விட்டிருக்கிறேன். இது வாதம் இல்லையென்றால் வாதம் என்பது என்னவென்று யாராவது சொல்லிக் கொடுங்கள். ஜெர்மனியில் செவ்வியல் தொல்லியலில் ஆய்வேடு என்றால் அதன் கனமான பாதி பெரும்பாலும் பட்டியல்தான். அதைப் படிக்காமல் முன்பாதியை யாரும் நம்பமாட்டார்கள். பிரிட்டனில் தனியார் வீடுகளிலும் பிற இடங்களிலும் கிடந்த பழைய பளிங்குகளையெல்லாம் முதலில் ஒழுங்காக எழுதி 1882இல் வெளியிட்டவர் அடோல்ஃப் மிக்கேலிஸ் என்ற ஜெர்மானியர் என்பது தற்செயல் இல்லை.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கிரேக்க, ரோமானியச் சிற்பங்களுக்கு ஏ. ஹெச். ஸ்மித் எழுதிய மூன்று தொகுதிகள் 1892க்கும் 1904க்கும் இடையில் வந்தவை. சில சிலைகளை இன்றும் ஸ்மித்தின் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். ஸ்மித் பெரிய ஆள், சந்தேகமில்லை. ஆனால் அவர் காலத்தில் கார்பன், ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அளந்து பளிங்கின் சுரங்கத்தைக் கண்டுபிடிக்கும் முறை கிடையாது. அது 1972இல் வந்தது. துருக்கியில் அஃப்ரோடிசியாஸ் பக்கம் உள்ள கோக்டெபே சுரங்கங்கள் 2000க்குப் பிறகுதான் தெரியவந்தன. அங்கே எடுத்த நுண்படிக வெள்ளைக் கல்லின் ஐசோடோப்பு எண்கள் இத்தாலியின் கராரா சுரங்கக் கல்லோடு குழம்புகின்றன. மாங்கனீஸ் குறைவு, ஸ்ட்ரான்சியம் அதிகம் என்பதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஆக, பழைய பட்டியல்கள் கண்ணால் பார்த்து 'கராரா' என்று எழுதிய நல்ல வெள்ளைத் தலைகளையெல்லாம் மறுபடி பார்க்கவேண்டும். ஹேட்ரியன், அவருக்குப் பின்வந்த அந்தோனைன் பேரரசர்கள் காலத்து முகங்களில் இது சிறிய விஷயமில்லை. ரோமிலேயே இத்தாலியக் கல்லில் செய்தார்களா, ஆசியா மைனரிலிருந்து (இன்றைய துருக்கி) கல்லோடு சிற்பிகளும் வந்தார்களா என்ற கேள்வி அதில் தொங்குகிறது.

நிறமும் அப்படித்தான். வெள்ளைப் பளிங்கு என்று நாம் கும்பிட்டுக்கொண்டிருப்பவை வண்ணம் பூசியவை. எகிப்திய நீலம் என்ற பழைய நிறமிக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு: சாதாரண ஒளியைப் பாய்ச்சினால் அகச்சிவப்பில் ஒளிரும். இருட்டறையில், மாற்றியமைத்த கேமராவில், கண்ணுக்குத் தெரியாத துகள்கூட வெள்ளைப் புள்ளியாக மின்னும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 'ட்ரோய் (Treu) தலை' என்று ஒரு பெண்முகம் இருக்கிறது, எஸ்குவிலினில் 1884இல் கிடைத்தது. அதில் மிஞ்சிய வண்ணத்தை இந்த முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள். என் 41இல் ஆறுக்குத்தான் இருட்டறை அனுமதி கிடைத்தது. நாலில் ஒன்றுமில்லை. ஐந்தாவதில், ஆடையின் ஓரத்தில், ஐந்து புள்ளிகள். அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. ஆறாவதில் மின்னியது துடைத்த துணியின் நூல்.

என் பக்கமும் தப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அந்தச் சீரிஸ் மேல் மட்டும் எட்டு மாதம் போக்கினேன். பட்டியல் போடுகிறவர்களுக்கு இது ஒரு நோய்; முடிக்கவே தெரியாது. பல்கலைக்கழகம் "போதும், இப்போது என்ன தெரிகிறது சொல்" என்று தலையில் தட்டுவது நல்லதுதான். தட்டியபிறகு பட்டியலைக் குப்பையில் போடச் சொல்வதுதான் பிரச்சினை. 80,000 முதல் ஒரு லட்சம் சொல் என்று வரம்பு வைத்துவிட்டு, பட்டியல் அதில் சேராது என்றால், அதற்கு யார் மதிப்பெண் போடுவது, யார் படிப்பது?

இதைச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தேன், ஆனாலும் சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன் பொருள்கள் காணாமல் போயும் திருடப்பட்டும் சேதமாகியும் இருப்பதாக அறிவித்தது. எண்ணிக்கை சுமார் 2,000 என்று பிறகு தெரிந்தது. பெரும்பாலும் ரத்தினக் கற்கள், நகைகள். பல டௌன்லி காலத்துச் சேகரிப்பிலிருந்து வந்தவை. அவற்றில் நிறைய ஒழுங்காகப் பதிவாகாதவை. பதிவில் இல்லாத பொருள் எங்கோ விற்பனைக்கு வந்தால் 'இது எங்களுடையது' என்று எதைக் காட்டிச் சொல்வது? அதே வருடம் அக்டோபரில், ஐந்தாண்டுக்குள் முழுச் சேகரிப்பையும் இணையத்தில் ஏற்றப்போவதாக, 24 லட்சம் பதிவுகளைப் புதிதாக ஏற்றவோ திருத்தவோ வேண்டும் என்று சொன்னார்கள். ஆளுயரப் பளிங்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகமுடியாது, உண்மைதான். ஆனால் கிடங்கின் மேல்தட்டில் கைகள், மூக்குகள், விரல்கள் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. 19, 20ஆம் நூற்றாண்டுகளில் 'போலி ஒட்டு' என்று சிலைகளிலிருந்து கழற்றிய துண்டுகளும் அவற்றில் உண்டு. எந்த மூக்கு எந்த முகத்தில் இருந்தது என்று எழுதாமல் கழற்றிய இடங்களை நானே பார்த்திருக்கிறேன். 'புறம்போக்கு' என்பார் அப்பா, யார் பெயரிலும் இல்லாத நிலத்தை.

இதை எழுத உங்களிடம் ஆள் இல்லை என்கிறீர்கள். நாங்கள் இருக்கிறோம். உதவித்தொகையோடு, மூன்றரை நான்கு வருடத்துக்கு, இதே கட்டிடத்தில், இதே பொருள்களைப் பார்த்துக்கொண்டு. ஒரு மாணவர் செய்த பட்டியலை ஆய்வேட்டின் உடம்பாகப் பல்கலைக்கழகம் ஏற்று, தேர்வாளரிடம் அதைப் படிக்கச் சொல்லட்டும். அருங்காட்சியகம் அதைத் தேர்வு முடியும் வரை காத்திருக்காமல், பதிவு பதிவாக, நிச்சயமில்லாத இடங்களில் நிச்சயமில்லை என்றே எழுதி, தன் தரவுத்தளத்தில் ஏற்றட்டும். கீழே ஒரு வரியில் யார் பார்த்தது, எந்தத் தேதியில் பார்த்தது என்றும் போடுங்கள். பெயருக்கு ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. சரி, கொஞ்சம் ஆசைதான். ஆனால் அடுத்து வருகிறவருக்கு, எழுதியவர் வயலுக்குப் போனாரா, போன பசலியைப் பார்த்து எழுதினாரா என்று தெரியவேண்டும்.

கிடங்கு நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரத்தில் ஒரு நாள், காலை பத்து முதல் பன்னிரண்டரை, கூட ஒரு ஊழியர் இருந்தால் மட்டும் என்பது பாதுகாப்புக்காக வைத்த விதி. எனக்குப் புரிகிறது, 2023க்குப் பிறகு இன்னும் நன்றாகவே புரிகிறது. ஆனால் அந்த ஊழியருக்கு விடுப்பென்றால் வாரம் போய்விடுகிறது, அவர் வேலை மாறினால் பருவமே போய்விடுகிறது. ஆய்வுத் திட்டத்தில் கையெழுத்துப் போடும்போதே, இத்தனை நாள் கிடங்கு என்று எண்ணி எழுதிக் கொடுங்கள். உதவித்தொகைக்கு எண் எழுதுகிறோம், சொற்களுக்கு எண் எழுதுகிறோம். இதற்கும் எழுதலாம்.

அட்டைகளையெல்லாம் மாற்றச் சொல்லவில்லை. பார்க்க வருகிறவர்கள் சீரிஸ் கையில் கதிரைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள், படட்டும். அந்தக் கதிருக்கும் இருநூற்றைம்பது வயது. சொல்லப்போனால் அந்தப் பெண்ணின் உடம்பில் எனக்கு அதிகம் பிடித்ததே அந்தக் கைதான். யார் செதுக்கியது என்று தெரியாத அந்த மனிதர் மணிமணியாகக் கதிரை எடுத்திருக்கிறார். பின்பக்கத்துப் படத்தை இணையத்தில் போட்டு, கை அவருடையது என்று எழுதினால் போதும்.

வருகிற செவ்வாய்க்கிழமை கீழ்க்கிடங்கில் எனக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். துணை ஊழியர் வருகிறார். சந்தேகத்துக்குரிய கழுத்து ஒன்று இருக்கிறது; டார்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்க இன்னொரு கை வேண்டும். மதிப்பாய்வுக் குழுவில் யாருக்காவது காலையில் வகுப்பில்லை என்றால் வாருங்கள். கனமான கோட்டு ஒன்று போட்டுக்கொண்டு வரவும், அங்கே குளிர் அதிகம்.

மரியாதையுடன்,
மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவி ஒருத்தி